ஒலி ஒன்று, உறவு வேறு

திருவனந்தபுரத்தில் தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் மாணவரின் செவியில் ஒரே நாளில் பல மொழிகள் விழுகின்றன. வகுப்பறையில் ஆங்கிலமும் இந்தியும், பேருந்திலும் கடைத்தெருவிலும் மலையாளம், வீட்டில் தமிழ் எனப் பொழுது கழிகிறது. இவற்றுள் தமிழுக்குக் கிடைக்கும் நேரமே மிகக் குறைவு. இந்நிலையில் ‘மை’ என்ற ஓசை கேட்டதும் மாணவரின் மனத்தில் எழுவது கண்ணுக்குத் தீட்டும் மையா, ‘என்னுடைய’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லா? ‘கோ’ என்றால் அரசன் நினைவுக்கு வருகிறானா, ‘போ’ என்னும் ஆங்கில ஏவல் நினைவுக்கு வருகிறதா?

ஒரு சொல் சிறியதாக இருக்கும்போது அது மற்றொரு மொழியின் சொல்லோடு ஒலியால் ஒத்துப்போவது எளிது. அவ்வாறு ஒத்துப்போகும் சொற்களெல்லாம் உறவுடையவை அல்ல. உறவே அற்றவையும் அல்ல. எது உண்மை உறவு, எது வெறும் ஒலி ஒப்புமை என்பதைப் பிரித்தறிய மிகச் சிறிய சொற்களே நல்ல பயிற்சிக் களமாகின்றன.

1. நாற்பத்திரண்டு சிறு சொற்கள்

ஓர் எழுத்தே தனித்து நின்று ஒரு பொருளைத் தருமாயின் அது ‘ஓரெழுத்து ஒருமொழி’ எனப்படும். இங்கு ‘மொழி’ என்பது சொல்லைக் குறிக்கும். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இத்தகைய சிறப்புடைய சொற்கள் 42 எனக் கணக்கிட்டுள்ளது.

அவற்றுள் உயிரெழுத்துகள் ஆறு: ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ.
மகர வரிசையில் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ.
தகர வரிசையில் ஐந்து: தா, தீ, தூ, தே, தை.
பகர வரிசையில் ஐந்து: பா, பூ, பே, பை, போ.
நகர வரிசையில் ஐந்து: நா, நீ, நே, நை, நோ.
ககர வரிசையில் நான்கு: கா, கூ, கை, கோ.
சகர வரிசையில் நான்கு: சா, சீ, சே, சோ.
வகர வரிசையில் நான்கு: வா, வீ, வை, வௌ.
யகர வரிசையில் ஒன்று: யா.
இந்த நாற்பதும் நெடில்கள். எஞ்சிய இரண்டும் குறில்கள்: நொ, து.

இவற்றுள் தீ, பூ, கை, பை, நீ, வா, போ, தா, வை போன்றவை இன்றும் நாள்தோறும் பேச்சில் வழங்குகின்றன. வேறு சில தனியே வழங்குவதில்லை; ஆயினும் மறையவில்லை. பிற சொற்களுக்குள் அவை வாழ்கின்றன. ‘ஆ’ என்பது பசு. தமிழ்நாட்டின் ‘ஆவின்’ பால் என்னும் பெயரில் அச்சொல் உள்ளது. ‘கா’ என்பது சோலை. ‘பூங்கா’ என்னும் சொல்லில் பூ, கா என்னும் இரண்டு ஓரெழுத்துச் சொற்கள் இணைந்துள்ளன. ‘மீ’ என்பது மேல், உயர்வு எனப் பொருள்படும். அறிவியல் தமிழில் வழங்கும் ‘மீயொலி’, ‘மீத்திறன்’ ஆகிய புதுச் சொற்கள் இந்தப் பழைய எழுத்திலிருந்தே உருவாயின. ‘கோ’ என்பது அரசன். அரசனது இல்லத்தையும் இறைவனது இல்லத்தையும் குறிக்கும் ‘கோயில்’ என்னும் சொல்லில் அது நிலைபெற்றுள்ளது. கரூர் மாவட்டத்துப் புகளூர் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சேர மன்னரைக் ‘கோ’ என்றே குறிப்பிடுகிறது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளாக அச்சொல்லின் ஒலியும் பொருளும் மாறவில்லை.

‘வீ’ என்பது மலரைக் குறிக்கும். சிறப்பாக, மரத்திலிருந்தோ செடியிலிருந்தோ கீழே விழுந்த மலரைக் குறிக்கும். பூவின் ஒவ்வொரு நிலைக்கும் அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனத் தனிப்பெயர் உண்டு. விழுந்து கிடக்கும் பூவைச் சுட்ட ஓர் எழுத்தே போதுமானதாக இருந்தது.

2. நெடிலுக்கு ஏன் இந்தச் சிறப்பு?

நாற்பத்திரண்டு சொற்களில் நாற்பது நெடிலாக இருப்பது தற்செயல் அன்று. குறில் ஒலிக்கும் கால அளவு 1 மாத்திரை. நெடிலுக்கு 2 மாத்திரை. தனித்து நின்று பொருள் தருவதற்குக் குறிலின் அளவு பெரும்பாலும் போதுவதில்லை. குற்றெழுத்துகள் தனியே நின்று சொல்லாக நிறைவதில்லை என்பதைத் தொல்காப்பியமும் எடுத்துரைக்கிறது.

அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளும் எ என்னும் வினாவெழுத்தும் பொருள் உடையவைதாமே என்று வினவலாம். உண்மை, ஆனால் அவை தனித்து நிற்பதில்லை. அடுத்து வரும் சொல்லைச் சார்ந்தே நிற்கின்றன. அவ்வாறு சாரும்போது இடையில் ஒரு மெய்யையும் பெறுகின்றன. அ + வீடு என்பது ‘அவ்வீடு’ ஆகிறது. இ + மலர் என்பது ‘இம்மலர்’ ஆகிறது. எ + பொருள் என்பது ‘எப்பொருள்’ ஆகிறது.

மலையாளத்தில் இதே சுட்டுகள் அடுத்த சொல்லிலிருந்து பிரிந்து தனியே நிற்கின்றன. எனவே அங்கு அவை நெடிலாக நீள்கின்றன. ‘அந்த வீடு’ என்பதை மலையாளத்தில் ‘ஆ வீடு’ என்பர். ‘இந்த மரம்’ என்பதை ‘ஈ மரம்’ என்பர். தனித்து நிற்க வேண்டுமாயின் நீள வேண்டும் என்னும் அதே நெறி இங்கும் செயல்படுகிறது.

ஆங்கிலத்திலும் இதனை ஒத்த நிலை உண்டு. ‘நான்’ எனப் பொருள்படும் ஐ, ‘நாங்கள்’ எனப் பொருள்படும் வீ, ‘செல்’ எனப் பொருள்படும் கோ ஆகிய சொற்கள் எல்லாம் நீண்ட ஓசையில் முடிகின்றன. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘அ’, ‘த’ என்னும் இரண்டும் குறுகி ஒலிக்கின்றன; அவை அடுத்த சொல்லைச் சார்ந்தே வருகின்றன. மொழிகள் வேறாயினும், மிகச் சிறிய சொல் தன் காலில் நிற்க ஓசையின் நீட்சி துணைசெய்கிறது.

நெடிலும் குறிலும் எழுத்தில் தெளிவாக வேறுபட வேண்டியதன் தேவையும் இதனால் விளங்கும். பழைய முறையில் எகர, ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி இடுவர். ஓலையில் எழுதியோர் புள்ளியை இடாமல் விட்டதால் ‘நொ’ என்பதும் ‘நோ’ என்பதும் ஒரே தோற்றம் பெற்றன. கொம்பைச் சுழித்து நெடிலை வேறுபடுத்தும் முறையைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து தமிழ் கற்ற அவர் செய்த இச்சிறு மாற்றம், கற்போரின் பெரும் இடரை நீக்கியது.

3. தற்செயலாக ஒத்த ஒலிகள்

ஆங்கிலத்தின் ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்கள் சிலவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதினால் வியப்பூட்டும் ஓர் ஒற்றுமை தோன்றுகிறது.

ஐ: ஆங்கிலத்தில் நான், தமிழில் தலைவன்.
மை: ஆங்கிலத்தில் என்னுடைய, தமிழில் அஞ்சனம்.
மீ: ஆங்கிலத்தில் என்னை, தமிழில் மேல், உயர்வு.
வீ: ஆங்கிலத்தில் நாங்கள்; தமிழில் விழுந்த மலர்.
கோ: ஆங்கிலத்தில் செல்; தமிழில் அரசன்.
நோ: ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் துன்பம்.
சோ: ஆங்கிலத்தில் ஆகவே, தமிழில் மதில்.

இவற்றின் ஒலிகளும் முழுமையாக ஒன்றல்ல. தமிழ்க் ‘கோ’வின் முதலொலி வல்லொலி, ஆங்கிலக் ‘கோ’வின் முதலொலியோ ‘தங்கம்’ என்னும் சொல்லில் வரும் ககரம் போல மெலிந்து ஒலிப்பது. தமிழில் இரண்டிற்கும் ஒரே எழுத்து வழங்குவதால் அவை ஒன்றெனத் தோன்றுகின்றன.

எழுத்து முறையிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் கோ, நோ, சோ ஆகிய மூன்றும் ‘ஓ’ என்னும் எழுத்தில் முடிகின்றன. ‘செய்’ எனப் பொருள்படும் ‘டூ’ என்னும் சொல்லும் அதே எழுத்தில்தான் முடிகிறது. ஆயினும் அதன் ஓசை ஊகாரம். எழுத்தை ஒத்த சொற்கள் ஆங்கிலத்தில் ஒலியால் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழிலோ கோ, நோ, சோ, போ, மோ ஆகிய ஐந்திலும் இரட்டைச் சுழிக் கொம்பும் துணைக்காலும் ஒருங்கே வருகின்றன. ஐந்திலும் உயிரோசை ஓகாரமே.

இவ்விரு மொழிச் சொற்களும் உறவுடையவையா என்பதைக் காலத்தில் பின்னோக்கிச் சென்று சோதிக்கலாம். ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘ஐ’ என்பது ‘இச்’ என ஒலித்தது. ‘கோ’ என்பதன் பழைய வடிவம் ‘கான்’. ‘நோ’ என்பதன் பழைய வடிவம் ‘நா’. ‘மை’ என்பதன் பழைய வடிவம் ‘மீன்’. அதற்கும் நீரில் வாழும் மீனுக்கும் தொடர்பில்லை. தமிழ்ச் சொற்களோ அக்காலத்திலும் ஐ, கோ, நோ, மை என்றே வழங்கின. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரு மொழிச் சொற்களும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. இன்று அவை ஒரே ஓசையில் சந்திப்பது, வெவ்வேறு ஊரினர் இருவர் ஒரே நிழற்குடையில் நிற்பதைப் போன்றதே.

4. உடன்பிறந்த சொற்கள்

மலையாளச் சொற்களின் நிலை வேறு. தீ, கை, நீ, வா, போ, தா ஆகியவை இரு மொழிகளிலும் ஒலியாலும் பொருளாலும் ஒன்றே. வேறு சில சொற்கள் சிறிது மாறி வருகின்றன. தமிழில் ‘நா’, மலையாளத்தில் ‘நாவு’. தமிழில் ‘பூ’, மலையாளத்தில் ‘பூவு’. தமிழில் ‘மா’, மலையாளத்தில் மாமரத்தைக் குறிக்கும் ‘மாவு’. தமிழில் ‘கா’, மலையாளத்தில் ‘காவு’. தமிழில் ‘நோ’, மலையாளத்தில் வலியைக் குறிக்கும் ‘நோவு’. (நாவு, நோவு என்னும் வடிவங்கள் தமிழிலும் உண்டு.)

இம்மாற்றம் ஒழுங்கானது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒவ்வொரு சொல்லிலும் புதிதாகத் தோன்றுவது வகரமே. இவ்வகரம் தமிழுக்குப் புதியதன்று. மா + இலை என்பது ‘மாவிலை’ ஆகிறது. பூ + இல் என்பது ‘பூவில்’ ஆகிறது. இரண்டு உயிர்களை இணைக்க இடையில் வரும் இம்மெய்யை உடம்படுமெய் என்பர். இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரமும், ஏனைய உயிர்களின் பின் வகரமும், ஏகாரத்தின் பின் இரண்டும் வரும் என்பது தமிழ் இலக்கண விதி. எனவே தமிழில் தீயில், கையில் என யகரமும், பூவில், மாவில், நாவில் என வகரமும் வருகின்றன. மலையாளத்திலும் தீயில், கையில், பூவில், மாவில், நாவில் என்றே கூறுவர்.

சொற்கள் மட்டும் ஒத்திருந்தால் அவை கடனாகவும் இருக்கலாம். சொற்களை இணைக்கும் விதியும் ஒத்திருப்பதால் இங்கே காணப்படுவது பிறப்புறவு எனத் தெளிவாகிறது.

ஒழுங்கான மாற்றத்திற்கு மற்றொரு சான்று: தமிழில் ஐகாரத்தில் முடியும் பல சொற்கள் மலையாளத்தில் அகரத்தில் முடிகின்றன. தலை – தல. மழை – மழ. இலை – இல. வாழை – வாழ. திருவனந்தபுரத்தின் புகழ்பெற்ற கடைத்தெருவைத் தமிழர் ‘சாலை’ என்கின்றனர். மலையாளிகள் ‘சால’ என்கின்றனர். அக்கடைத்தெருவில் வணிகம் செய்துகொண்டே அங்குள்ள மனிதர்களின் வாழ்வைத் தமிழ்க் கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். ஒரே தெருவுக்கு வழங்கும் இரண்டு ஒலிகளும் ஒரு மொழியியல் விதியின் இரு பக்கங்கள்.

பின்னோக்கிச் செல்லும் சோதனையை இங்கும் செய்து பார்க்கலாம். இன்றைய கேரளத்தின் பெரும்பகுதி பண்டைய சேர நாட்டில் அடங்கும். சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்து தமிழ் நூல். காலத்தில் பின்னே செல்லச் செல்லத் தமிழும் மலையாளமும் நெருங்குகின்றன. தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் அதனை விரிவாக நிறுவினார். இத்துறையின் ஆய்வுக்கெனத் திருவனந்தபுரத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியை நிறுவியவர் வ.அய். சுப்பிரமணியம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே.

உடன்பிறந்தவர்களும் காலப்போக்கில் தனித்தனி இயல்பு பெறுவதுண்டு. ‘கா’ தமிழில் பொதுவாகச் சோலை. திருவானைக்கா போன்ற ஊர்ப்பெயர்களிலும் அது உண்டு. கேரளத்தில் ‘காவு’ தெய்வத்திற்கென விடப்பட்ட மரச்செறிவையே சிறப்பாகக் குறிக்கிறது. பழைய வீட்டு வளாகங்களில் காணப்படும் சர்ப்பக்காவு அத்தகையது. ‘மாவு’ என்னும் சொல்லைக் கேட்கும் தமிழ் மாணவர் அரிசி மாவை மட்டும் எண்ணுதல் கூடும். மலையாளத்தில் அது மாமரத்தையும் குறிக்கும். ‘வெள்ளம்’ தமிழில் பெருக்கெடுத்து வரும் நீர். மலையாளத்தில் குடிக்கும் நீரும் வெள்ளமே. உறவு உண்டு என்பதற்காகப் பொருளும் எப்போதும் ஒன்றே எனக் கொள்ளலாகாது.

5. கப்பலேறிய சொற்கள்

தற்செயலும் அன்று, பிறப்புறவும் அன்று என மூன்றாவது வகை ஒன்றுண்டு. அது கடன். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின், மேற்குக் கடற்கரைப் பொருள்களோடு அவற்றின் பெயர்களும் கப்பலேறின. தென்னை நாரின் ‘கயர்’ ஆங்கிலத்தில் ‘காயர்’ ஆயிற்று. ‘தேக்கு’ போர்ச்சுகீசிய மொழியில் ‘தேக்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று. பலாவைக் குறிக்கும் ‘சக்க’ என்னும் மலையாளச் சொல் ‘ஜாக்கா’ ஆகி, ‘ஜாக்’ ஆயிற்று. இம்மூன்றும் ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகள் கொண்ட சிறு சொற்கள்.

‘மாங்கோ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வழி இன்னும் சுவையானது. மா + காய் என்பது தமிழில் ‘மாங்காய்’, மலையாளத்தில் ‘மாங்ங’. இத்தென்னாட்டு வடிவமே போர்ச்சுகீசியரின் வாயில் ‘மாங்கா’ ஆகி, ஆங்கிலத்தை அடைந்தது. நன்னூல் கணக்கிட்ட நாற்பத்திரண்டனுள் ஒன்றாகிய ‘மா’, உலகெங்கும் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாக இன்று ஒலிக்கிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடற்கரையிலுள்ள அஞ்சுதெங்கும் இவ்வகைப் பயணத்தின் சாட்சி. அஞ்சு என்பது ஐந்து. தெங்கு என்பது தென்னை. இவ்விரண்டும் தமிழும் மலையாளமும் பொதுவாக உடைய சொற்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கோட்டை கட்டி மிளகு வணிகம் செய்த ஆங்கிலேயர் அவ்வூரை ‘அஞ்செங்கோ’ என எழுதினர். ஐந்து தென்னைகளும் அப்பெயரில் அடையாளம் இழந்தன. கடன் சென்ற சொல்லுக்கு வடிவம் தேயும். ஆயினும் அது சென்ற வழியை வரலாறு காட்டும்.

6. பிரித்தறியும் முறை

இரண்டு மொழிகளில் ஒரே ஒலியுள்ள சொற்களைக் கண்டால் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பொருள் ஒன்றா, அல்லது தொடர்புடையதா? அதே வகை மாற்றம் வேறு சொற்களிலும் ஒழுங்காகக் காணப்படுகிறதா? சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற வழி அறியப்பட்டுள்ளதா?

மூன்றிற்கும் விடை ‘இல்லை’ எனில் அது தற்செயல். ‘நோ’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘நோ’ என்னும் தமிழ்ச் சொல்லும் அத்தகையவை. இரண்டாம் வினாவிற்கு விடை ‘ஆம்’ எனில் அது பிறப்புறவு. ‘நோ’, ‘நோவு’ ஆகியவை அத்தகையவை. மூன்றாம் வினாவிற்கு மட்டும் தெளிவான விடை கிடைப்பின் அது கடன். தேக்கும் டீக்கும் அத்தகையவை.

இவ்வேறுபாட்டை அறிவது தேர்வுக்கு மட்டும் உரியதன்று. முன்னர்த் திருவிதாங்கூரில் இருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தன. திருவனந்தபுரம் நகர் கேரளத்தின் தலைநகராயிற்று. அந்நகரில் தங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டு மொழியாகவும் சில பாடவேளைகளின் மொழியாகவும் அமைந்தது. மிகுதியாகக் கேட்கும் மொழியின் பொருளே மனத்தில் முந்தி நிற்கும். ‘வீ’ என்றதும் விழுந்த மலர் நினைவுக்கு வராமற் போனால், ஒரு சொல்லோடு அதைக் கண்டறிந்த கூர்மையான பார்வையும் மறைந்துபோகும்.

அதற்காகப் பிற மொழிகளை விலக்க வேண்டியதில்லை. மலையாளம் அறிந்த மாணவர் ‘காவு’ என்னும் சொல்லின் வழியே ‘கா’வை எளிதில் நினைவிற் கொள்வார், ‘நோவு’ என்பதன் வழியே ‘நோ’வை உணர்வார். தமிழ்நாட்டில் மட்டும் வாழும் மாணவருக்கு எளிதிற் கிட்டாத வாய்ப்பு இது. ஆங்கிலச் சொற்களோடு ஒப்பிட்டால் நெடிலின் ஆற்றல் விளங்கும். ஒவ்வொரு சொல்லையும் அதனதன் வீட்டில் வைத்து அறிந்தவருக்குப் பல மொழிகள் சூழ்ந்த நகரம் தடையாவதில்லை. அதுவே அவருடைய அகராதியாகிறது.

சொல்லும் பொருளும்

அஞ்சனம் – கண்ணுக்குத் தீட்டும் மை
உடம்படுமெய் – இரண்டு உயிர்களை இணைக்க வரும் மெய்
செம்மல் – வாடிய பூ
தெங்கு – தென்னை
மதில் – சுற்றுச்சுவர்
மாத்திரை – எழுத்து ஒலிக்கும் கால அளவு

பயிற்சி

1. பூங்கா, கோயில், மாவிலை ஆகிய சொற்களைப் பிரித்து, அவற்றிலுள்ள ஓரெழுத்து ஒருமொழிகளின் பொருளை எழுதுக.
2. ‘அ’ என்னும் சுட்டு தமிழில் ‘அவ்வீடு’ எனவும் மலையாளத்தில் ‘ஆ வீடு’ எனவும் அமைவதன் காரணத்தை விளக்குக.
3. ஐகாரத்தில் முடியும் தமிழ்ச் சொற்கள் ஐந்தினை எழுதி, அவற்றின் மலையாள வடிவங்களை அண்டை வீட்டாரிடமோ நண்பரிடமோ கேட்டு எழுதுக. ஒழுங்கில் அடங்காத சொல் கிடைப்பின் அதனைத் தனியே குறிக்க.
4. தற்செயல், கடன், பிறப்புறவு ஆகிய மூன்றிற்கும் பாடத்தில் இல்லாத எடுத்துக்காட்டு ஒவ்வொன்று தருக.
5. உம் வீட்டிலிருந்து பள்ளி வரும் வழியிலுள்ள ஊர்ப்பெயர்ப் பலகைகளைக் காண்க. கா, கோ, மா, ஆ ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் தொடங்கும் பெயரில் அவ்வெழுத்து தனிச்சொல்லாக நின்று பொருள் தருகிறதா என ஆராய்ந்து ஐந்து வரிகளில் எழுதுக.